அட்டை போட்ட நான்கு பிரதிகள்

ஜூன் 3, புதன்

‘அளவுக்காரர்கள்’ நாவலை இன்று மத்தியானம் முடித்தேன். முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவினேன், ஏனென்று தெரியவில்லை. அறுபத்தொரு வயதில் ஒரு கதை என்னை இப்படிப் போட்டு உலுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

குமாஸ்தா ஒருவன் காலையில் விழித்துப் பார்க்கிறான், தெரியாத ஓர் அறை. தினமும் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து அவனை அளக்கிறார்கள். ஒரு நாள் உயரம், ஒரு நாள் நிழல், ஒரு நாள் அவன் விடுகிற மூச்சு. அவர்கள் போனபின் பார்த்தால் சுவர் ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்திருக்கும். என்ன குற்றம் என்று சொல்வதில்லை. ஆனால் ரொம்ப மரியாதையான ஆட்கள். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். நாற்பதாவது நாள் ஒருவன் வரவில்லை. “இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க” என்று மற்றவன் நாடாவை நீட்டுகிறான். இவனும் பிடிக்கிறான்!

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து இந்தத் தென்காசி வட்டாரம் முழுக்கச் சங்கிலியும் நாடாவும் இழுத்தவன் நான். மறுமுனையைப் பிடித்தவன் முகத்தை ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா? வாசகர் வட்டத்து ஆட்களை இதைப் படிக்க வைக்காமல் விடப்போவதில்லை. இன்னும் மூன்று பிரதிகளுக்கு மதுரைக்குப் போன் போட்டாயிற்று.

வெண்பா இன்றும் சாப்பிடவில்லை. தட்டு போனபடியே கீழே வந்தது. மாடி அறைச் சாவியை இனி சண்முகவடிவிடம் கொடுப்பதாக இல்லை. பெற்றவள் மனசு, இளகிவிடும். என் அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொண்டேன்.

ஜூன் 5, வெள்ளி

நாட்குறிப்பில் ஒளிவு மறைவு கூடாது என்பது என் கொள்கை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

என் மகள் ஊருக்கு வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன். அவன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. நம்மாட்கள் இல்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லித்தான் அவளை வரவழைத்தோம். அவள் போன் என் பீரோவில் இருக்கிறது.

மகளைப் பூட்டி வைத்திருக்கிறான் என்று எவனாவது சொன்னால் பல்லைத் தட்டிவிடுவேன். மாடியில் மின்விசிறி உண்டு, குளியலறை உண்டு. மேற்கு ஜன்னலைத் திறந்தால் குற்றாலத்துச் சாரல் அப்படியே முகத்தில் அடிக்கும். இதற்குப் பெயர் ஓய்வு. இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்கு நிதானம் வரட்டும்.

கடையநல்லூர் மாப்பிள்ளையைக் கொம்பையா பார்த்துக் கொடுத்தான். கொம்பையா சண்முகவடிவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஆனி மாதம் மண்டபம் கிடைக்கவில்லை. ஆடியில் நல்ல காரியம் கூடாது. ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம், ஆகஸ்ட் 21. அதுவரைக்கும்தான் இதெல்லாம்.

ஜூன் 9, செவ்வாய்

புத்தகங்கள் வந்துவிட்டன.

இரவல் விஷயத்தில் என் சட்டம் ஊருக்கே தெரியும். பழுப்புத்தாள் அட்டை போடாமல் ஒரு புத்தகமும் என் வாசலைத் தாண்டாது. அட்டையைக் கழற்றியவருக்கு அத்தோடு இரவல் நின்றது. ஞானப்பிரகாசம் என்று ஒருவர், அட்டையைக் கழற்றி அதில் மாங்காய் வற்றல் மடித்துவிட்டார். பதினோரு வருஷம் ஆகிறது, இன்றுவரை அவருக்குப் புத்தகம் கிடையாது.

அட்டை போடுவது ஆறு வயதிலிருந்தே வெண்பாதான். பசையைத் தொடமாட்டாள். வெறும் மடிப்பிலேயே நிற்க வைப்பாள், மூலைக்கு மூலை ஒரு முக்கோணம். நான் போட்டால் மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி இருக்கும்.

நான்கையும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். இத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“யாருக்குப்பா?”

“கொம்பையா மாமாவுக்கு ஒண்ணு, கைலாசம் சாருக்கு ஒண்ணு, ராஜபாய் டீச்சருக்கு ஒண்ணு. இது என்னோடது.”

“தாளும் கத்தரியும் குடுங்க. அளவு குறிக்க ஒரு பென்சிலும் வேணும்.”

அவள் தாளை வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கத்தரியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு முன்ஜாக்கிரதைதான்.

“நீங்க நின்னா மடிப்பு கோணும். நாளைக்கு வந்து வாங்கிக்கிடுங்க” என்றாள். இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து நாவலின் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“கடைசியில வெளிய வந்துருவானாப்பா?”

“வாசிச்சுத் தெரிஞ்சுக்கோ.”

கீழே வந்து சண்முகவடிவிடம் சொன்னேன், பிள்ளை சரியாகிவிட்டாள் என்று. அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10, புதன்

நான்கும் தயார். என்ன மடிப்பு, என்ன மூலை! என் பிரதியை முதலில் நீட்டினாள். “இது உங்களோடது. மொதல்ல இதப் பாருங்க.” அதில் மட்டும் மடிப்பு தளர்ந்து, அட்டை கழன்று கழன்று வந்தது. சாப்பிடாமல் கிடந்தால் விரலில் தெம்பு எங்கே இருக்கும்? கடிந்துகொள்ளவில்லை. கீழே வந்து இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்கே போட்டு இறுக்கிவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

வாசகர் வட்டம். மாதம் இரண்டாவது ஞாயிறு கூடுவோம், நூலகத்தின் பின்கட்டில். ஆரம்பித்தபோது இருபத்திரண்டு பேர். இப்போது நான்கே பேர், ஆனால் நால்வரும் நிஜமாக வாசிக்கிறவர்கள்.

இந்த நாவலைப் படிக்காதவன் மனுஷனைப் பற்றிப் பேச வாயைத் திறக்கக்கூடாது என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். கொம்பையா புத்தகத்தைப் புரட்டினான். “முன்னூத்திப் பத்துப் பக்கமா அத்தான்? கடைய யாரு பாக்க?” என்றான். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர் கைலாசம். இந்த மாதிரிப் புத்தகத்துக்காகத்தான் காத்திருந்ததாகச் சொன்னார். ராஜபாய் டீச்சர் எங்களில் மூத்தவர், தலைமையாசிரியையாக இருந்தவர். ஒரு கண்ணில் ஆபரேஷன் வைத்திருக்கிறார்களாம். நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போகிறார். “திரும்பி வந்துதான் சார் வாசிப்பேன். ஆடி பொறந்துரும்” என்றார். பரவாயில்லை, புத்தகம் வீட்டில் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

“வெண்பா எப்படியிருக்கா சார்? எட்டாங்கிளாஸ்ல எங்கிட்டதான படிச்சா.”

“நல்லாருக்கா டீச்சர். கோயம்புத்தூர்லதான்” என்றேன்.

ஜூன் 22, திங்கள்

மாடி ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். கொசு. நேற்று அவள் ஜன்னல் வழியாகத் தெருவில் யாரையோ கூப்பிட்டதாகப் பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள், அதுவும் ஒரு காரணம். சண்முகவடிவு மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே வெண்பாவையே நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். மூன்றடி இரண்டங்குலம்.

ஜூன் 23, செவ்வாய்

வலை அடித்தாயிற்று. சாரல் கொஞ்சம் குறையும்.

ஜூலை 1, புதன்

சண்முகவடிவு இன்று சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்தது இல்லை.

“அவ கையப் பாத்தீயளா? குச்சியா இருக்கு. கதவத் தெறந்து விடுங்க. எங்கயும் போவமாட்டா, நான் பொறுப்பு.”

“நீ பொறுப்பா? ஒன்னச் சுண்டினா விழுந்துருவ.”

“நீங்க ஊருக்கெல்லாம் ஜெயில் கத சொல்லிட்டுத் திரியுதிய. எனக்கும் காது கேக்குது.”

எனக்கு வந்ததே கோபம். அது இலக்கியம், இது குடும்பம், இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்று சத்தம் போட்டேன். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

இன்று கைலாசம் பேசியதைக் கேட்கக் காது கொடுத்து வைத்திருக்க வேண்டும். “பூட்டு என்பது இரும்பில் இல்லை, பூட்டுகிறவனுடைய நியாயத்தில் இருக்கிறது” என்றார். நான் கைதட்டினேன். கடைசிப் பக்கத்தில் வழக்கப்படி தம் ஒரு வரி அபிப்பிராயத்தை எழுதித் தேதியும் போட்டிருக்கிறார்: ‘மனசாட்சி உள்ள ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியது.’ இரண்டாம் வாசிப்பு வேண்டுமென்று புத்தகத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

கேட்க மூன்று பேர்தான், அதில் டீச்சர் ஊரில் இல்லை, கொம்பையாவும் வரவில்லை. நான் ஒருவன்தான் கேட்டேன்.

ஜூலை 13, திங்கள்

காலை பத்து மணிக்கு, கடையைப் போட்டுவிட்டுக் கொம்பையா வந்தான். கையில் நாவல், மேலே அட்டை இல்லை.

“இருமல் மருந்து கொட்டிட்டு அத்தான். அட்டையெல்லாம் பிசுபிசுன்னு போச்சு. கழத்துனேன். உங்க சட்டம் தெரியும், ஏசாதீங்க. இதப் பாருங்க.”

உள்ளட்டையில், பழுப்புத்தாளின் மடிப்பு மூடியிருந்த இடத்தில், பென்சிலில் எழுதியிருந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘என் பெயர் வெண்பா. வயது 24. மே 10-லிருந்து அப்பா என்னை எங்கள் வீட்டு மாடியில் பூட்டி வைத்திருக்கிறார். ஆகஸ்ட் 21 எனக்கு விருப்பமில்லாத கல்யாணம். இதைப் பார்க்கிறவர் தயவுசெய்து போலீசில் சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்லவேண்டாம்.’

“கடைசி வரியப் பாத்ததும் நேரா உங்ககிட்டதான் வந்தேன்” என்றான் கொம்பையா. “நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட போவட்டும்.”

ஏதாவது பேச வேண்டுமே என்று, நாவல் எப்படி என்று கேட்டேன்.

“அந்த மறுமுனையைப் பிடிக்கிற எடம் இருக்குல்லா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு அத்தான்.”

அங்கிருந்து நேரே கைலாசம் வீடு. அவர் அட்டையைத் தொடவே இல்லை. என் சட்டத்தை மதிக்கிற மனிதர். நானே கழற்றினேன். அதே வரிகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

“கையெழுத்து அழகா இருக்கு சார்” என்றார். “எனக்கும் ரெண்டு பொண்ணு. உங்க இடத்துல இருந்தா நானும் இதத்தான் செஞ்சிருப்பேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், நீங்க கவலப்படாதீங்க.”

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவும் இல்லை.

என் பிரதியைப் பார்க்கத் தேவையில்லை. வீட்டை விட்டு வெளியே போகாத புத்தகம், அதில் எழுதி என்ன பிரயோஜனம்? மூன்றாவது பிரதி டீச்சர் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. டீச்சர் மாதக் கடைசியில்தான் வருவாராம்.

மேலே போனேன். எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு அடி அடித்தேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

“எல்லாரும் வாசிக்கிறவங்களாச்சேன்னு நெனச்சேன்ப்பா” என்றாள்.

பென்சிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

கை வலிக்கிறது.

ஜூலை 20, திங்கள்

பத்திரிகை அச்சாகி வந்தது. மணமகள் பெயருக்குக் கீழே படிப்பைப் போட விட்டுவிட்டார்கள். அச்சகத்துக்காரனோடு ஒரு மணி நேரம் சண்டை. எம்.எஸ்சி. படித்த பிள்ளை, சும்மாவா?

ஜூலை 27, திங்கள்

வெண்பா பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாள், தட்டு காலியாக வருகிறது. சண்முகவடிவும் என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, வாசிக்க வசதி. ஆனால் மூன்று நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

டீச்சர் நேற்று வந்துவிட்டதாகத் தெரிந்தது. சாயங்காலம் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டு ஈசிசேரில் இருந்தார்.

“ஒரு அவசரம் டீச்சர். அந்த நாவல் இன்னொருத்தருக்கு வேணுமாம்.”

“எடுத்துக்கிடுங்க சார். மேசையிலதான் இருக்கு. கண்ணுக்குப் பவர் போட்டுக் கண்ணாடி வரல. ஒரு பக்கம்கூட வாசிக்கல.”

அட்டை போட்டது போட்டபடி இருந்தது. அப்பாடா! காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். “வெண்பா கோயம்புத்தூர்லதான இருக்கா?” என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றினேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது, சாரல் காலத்து ஈரம். எழுத்து அப்படியே இருந்தது. ரப்பரால் அழித்துவிட்டேன். இனிமேல் கல்யாணம்வரை ஒரு தொல்லையும் இல்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. அது ஈரம் இல்லை, பசை. வெண்பா பசை தொடமாட்டாள்.

முகத்தில் நுரையோடு மாடிப்படிவரை போனேன். அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. மகளிர் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரம்மா, இரண்டு பெண் போலீஸ், பின்னால் ராஜபாய் டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு கைத்தடி ஊன்றிக்கொண்டு.

“பொய் சொல்லிட்டீங்களே டீச்சர்” என்றேன்.

“நான் பொய் சொல்லல சார். நாவல ஒரு பக்கம்கூட வாசிக்கல. அன்னிக்கு ஊருக்குப் போற அவசரத்துல தொடல, சனிக்கிழம வந்துதான் கையில எடுத்தேன். புஸ்தகம்னா மொதல்ல அட்டைய உரிச்சுப் பாக்குறது பழக்கமாப் போச்சு. முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைங்க நோட்டுகளப் பாத்த கை. வெளிய சொல்ல முடியாதத அதுக அங்கதான ஒளிச்சு வைக்கும்? போன்ல படம் எடுத்துப் பெருசாக்கித்தான் வாசிச்சேன். திரும்ப மடிக்க எனக்கு வரல, பசை போட்டேன். நீங்கதான் அவ கோயம்புத்தூர்ல இருக்கான்னு சொன்னீங்க.”

இன்ஸ்பெக்டரம்மா சாவி கேட்டார். மாடியில் காற்று வருகிறது, மின்விசிறி இருக்கிறது என்று சொன்னேன். சாவி எங்கே என்று மறுபடி கேட்டார். அரைஞாணில் முடிச்சு அவிழவில்லை. சண்முகவடிவு அடுப்படியிலிருந்து வந்தாள். எல்லார் முன்னாலும் என் வேட்டி மடிப்பை விலக்கி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்துக்கொண்டு அவளே மேலே போனாள்.

எண்பத்தேழு நாள். நான் எண்ணவில்லை, அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

வெண்பா இறங்கி வந்தாள். உன் விருப்பத்தோடுதான் போகிறாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். இப்போதைக்கு டீச்சர் வீட்டில் இருக்கிறேன் என்றாள். சண்முகவடிவு அவளுக்கு ஒரு பையில் துணி எடுத்து வைத்திருந்தாள். எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை, பையின் மேல் தூசி படிந்திருந்தது.

என்னைத் தாண்டும்போது நின்றாள். என் முகத்தில் பாதி நுரை காய்ந்திருந்தது.

“உங்க புஸ்தகத்த நீங்க பிரிச்சே பாக்கலையாப்பா?”

அவ்வளவுதான் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, புதன்

கொம்பையா மூன்று தரம் போன் செய்தான். கடையநல்லூருக்கு என்ன சொல்ல என்று கேட்கிறான். கைலாசம் ஒரு தரம்கூடச் செய்யவில்லை.

மத்தியானம் அலமாரியிலிருந்து என் பிரதியை எடுத்தேன். ஜூன் 10-லிருந்து இதை எத்தனை தரம் கையில் எடுத்திருப்பேன்! மடியில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். இரண்டு ரப்பர் பேண்டையும் கழற்றினேன். அட்டை தானாகவே கையோடு வந்தது. தளர்ச்சியாக விட்டது தெம்பில்லாததால் இல்லை.

‘அப்பா, மற்ற மூன்றிலும் போலீசில் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறேன். உங்களிடம் முதலில் கேட்கிறேன். நீங்களே கதவைத் திறந்துவிட்டால் மூன்றையும் நானே அட்டை சரியில்லை என்று வாங்கி அழித்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. உங்கள் பேர் கெடாது. நாளைக்கு இதைக் கொடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பேன். ஜூன் 9. வெண்பா.’

அன்றைக்கு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. மூலை நன்றாக வந்திருக்கிறது என்று நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன்.

நான் அழுதேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் அட்டையைத் திரும்பப் போடப் பார்த்தேன். பழைய மடிப்புத் தடம் தாளில் இருக்கிறது, ஆனால் எனக்கு நிற்கவில்லை. ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் எழும்பிக்கொள்கிறது. சண்முகவடிவைக் கூப்பிட்டேன்.

“ஏ வடிவு, இந்த முனையைக் கொஞ்சம் பிடி.”

அடுப்படியில்தான் இருந்தாள், கேட்டிருக்கும். இரண்டாம் தரமும் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.